மெர்-டி: பாதரசத்தைக் ‘கடத்தும்’ மரபணுவா?

கிண்டி பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு பக்கத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தாள். அதில், பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களில் உள்ள மெர்-டி (merT) என்ற மரபணுவுக்குப் ‘பாதரசக் கடத்தல் மரபணு’ என்று இருந்தது. படித்ததும் எனக்கு மீனம்பாக்கத்தில் தங்கத்தோடு பிடிபடுகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். “ஏன் மாமா, மின்கடத்தின்னு பாடப் புத்தகத்துலயே இருக்கே?” என்றாள். இருக்கிறதுதான். கட என்பதன் பிறவினை கடத்து, கடக்கச் செய்வது என்று பொருள், அதில் திருட்டு எதுவும் இல்லை. எனக்குப் பிரச்சினை வேறு.

முதலில் பெயரைப் பார்ப்போம். மெர் என்பது மெர்க்குரியின் சுருக்கம். மெர்க்குரி ரோமானியர்களின் ஓட்டக்காரத் தூதுவன், கையில் நிற்காத உலோகத்துக்கு அவன் பெயரை வைத்துவிட்டார்கள். டி என்றால் டிரான்ஸ்போர்ட். ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில், சின்ன எழுத்தில் தொடங்கினால் மரபணு, பெரிய எழுத்தில் தொடங்கினால் புரதம். நமக்குப் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது, அதனால் ‘மெர்-டி மரபணு’, ‘மெர்-டி புரதம்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாதரசத்துக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. பாரத (pārada) என்ற வடசொல்லுக்கே அந்த உலோகம் என்றுதான் பொருள். அதோடு ரசம் சேர்ந்து, வாயில் புரண்டு பாதரசம் ஆகிவிட்டது. சித்த மருத்துவத்தில் இரசம், சூதம். திருவல்லிக்கேணியில் நான் முடிவெட்டும் கடையில் ஒரு பழைய கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, கேட்டால் “ரசம் போயிடுச்சு சார்” என்பார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளீயத்தோடு பாதரசத்தைப் பூசியதால் வந்த பேச்சு அது. அகராதியில் இதள் என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கிறது, அழகான சொல்தான், ஆனால் எழுதினால் பாதிப் பேர் இதழ் என்று திருத்திவிடுவார்கள்.

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். நஞ்சைத் தாங்கும் பாக்டீரியா என்றதும் அது நஞ்சை வெளியே தள்ளுகிறது என்றுதான் யாரும் நினைப்போம். மெர்-டி செய்வது நேர்மாறு, பாதரச அயனியை உள்ளே இழுக்கிறது! செல்லின் உள்சவ்வுக்கு வெளியே மெர்-பி என்ற சின்னப் புரதம் தன் இரண்டு சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களால் அயனியைப் பிடித்து, சவ்வில் உட்கார்ந்திருக்கும் மெர்-டியிடம் தர, அது உள்ளே இருக்கும் மெர்-ஏ நொதியிடம் கைமாற்றுகிறது. சிஸ்டீனில் இருப்பது கந்தகம். இரசமும் கந்தகமும் ஒட்டிக்கொள்வது, அவை இரண்டும் சேர்ந்த சாதிலிங்கத்தைப் பார்த்த சித்த வைத்தியருக்குப் புதுச் செய்தி அல்ல. மெர்-ஏ அந்த அயனியைச் சாதாரணப் பாதரசமாக மாற்றிவிடுகிறது, அது ஆவியாகி வெளியேறிவிடும். மெர்-ஏ இல்லாமல் மெர்-டியும் மெர்-பியும் மட்டும் இருக்கும் பாக்டீரியா, இது எதுவுமே இல்லாததைவிடக் குறைந்த பாதரசத்துக்கே செத்துப்போகும். வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறதே, பின்னே?

அதனால் எந்தப் பக்கம் என்று சொல்லாத ‘கடத்தல்’ இங்கே போதாது. ‘பாதரச உள்ளேற்றி மரபணு’ என்று மாற்றச் சொன்னேன். மெர்-ஏவுக்கு அவளே ‘பாதரச ஒடுக்க நொதி’ என்று எழுதியிருந்தாள் (ஒடுக்கம் என்றால் வேதியியலில் எலக்ட்ரான் கொடுப்பது), அதில் நான் கை வைக்கவில்லை.