இரவுச் சாலையில் குதிரை ஏன் மாட்டைவிட ஆபத்து?

சென்னை ஓட்டுநர்களுக்கு மாடு பழகிய தடை. நடுத்திட்டை ஒட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாம் ஒதுங்கிப் போய்விடுவோம். கடற்கரைச் சவாரிக் குதிரையை இரவில் அவிழ்த்துவிட்டால் அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

காரணம் வயிற்றில் தொடங்குகிறது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. அவசரமாக விழுங்கிவிட்டு ஓரிடத்தில் படுத்து மெல்லலாம். குதிரையின் வயிறு ஒற்றை அறை, உடலளவுக்குச் சிறியதும்கூட. புல்லின் நார் நொதிப்பது அதைத் தாண்டி, பெருங்குடல் பகுதியில். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை மேயும்படி அமைந்த உடல் அது. காலையில் ஒரு வாளி கொள்ளு வைத்தால் போதும் என்பது உரிமையாளரின் கணக்கு. குதிரையின் குடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. புல் இல்லாத நகரத்தில் மேய்ச்சல் என்றால் குப்பைத் தொட்டிகளைத் தேடி நடப்பதுதான். (குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பிளாஸ்டிக் பை குடலை அடைத்தால் வயிற்றுவலியே அதைக் கொன்றுவிடலாம்.) தூக்கமும் நாளுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம்தான், அதிலும் பெரும்பகுதி நின்றபடியே. ஆகவே நள்ளிரவிலும் அது நடமாடும்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்குச் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலிலும் நன்றாகப் பார்க்கும். ஆனால் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே மாறிப் பழக அதன் கண் நம்முடையதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட் முகத்தில் அடிக்கும்போது அது திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நொடியில் ஹாரன் அடிப்பதைவிட மோசமான காரியம் இல்லை. வேட்டையாடப்பட்டே வாழ்ந்த இனம். முதலில் பாயும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். பாயும்போது லாடம் தார்ச்சாலையில் வழுக்கவும் செய்யும்.

ஓட்டுநர் பக்கமும் சிக்கல் உண்டு. எதிரில் வருபவரின் கண் கூசாதிருக்க லோ பீம் ஒளி தரையை நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்கிறது. தூரத்தில் அது தொடுவது குதிரையின் கால்களை மட்டும். பழுப்பு உடல் இருளோடு கலந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில், கண்டு உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலே 25 மீட்டர் கடந்திருப்போம். காரின் முன்பகுதி இடிப்பது நீண்ட கால்களை. சில நூறு கிலோ எடையுள்ள உடல் பானெட்டின் மேலேறி முன்கண்ணாடியில் வந்து விழும். பைக்கில் போகிறவருக்குக் கண்ணாடியும் கிடையாது.

குதிரையைக் கண்டால் வேகம் குறைத்து, ஹை பீமைத் தணித்து, அது நகரும்வரை பொறுப்பதே வழி. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தகவல் சொல்லலாம். ஒளிரும் பட்டையைக் கழுத்தில் கட்டுவதைவிடக் கால்களில் கட்டினால் பயன் அதிகம்: லோ பீம் படுவது அங்கேதான், அசையும் பட்டை சட்டென்று கண்ணில் படும். செலவும் சொற்பம். ஆனால் சவாரிக்கு உதவாது என்று கைவிடப்பட்ட குதிரைக்கு அதைக் கட்டிவிட ஆளில்லை.