அந்த மைனஸ் எங்கே போனது?

11187. வானிலை நிலையங்கள் அனுப்பும் சினாப் செய்தியில் வெப்பநிலை இப்படித்தான் ஐந்து இலக்கமாக வரும். முதல் 1, வருவது வெப்பநிலை என்று சொல்கிறது. அடுத்த 1, மைனஸ். ஆக, மைனஸ் 18.7 டிகிரி. அந்த இரண்டாவது இலக்கம் தவறிப்போய் 0 ஆனால், அதுவே பிளஸ் 18.7.

தரவு சரிபார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், அண்டார்க்டிகாவின் ஜூலை மாதப் பட்டியலில் இப்படி ஓர் எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நடுக்குளிர்காலத்தில் ஊட்டி வெயில்! பக்கத்தில் இருந்த மூத்தவர் சிரிக்கவில்லை. "இது பெரிசா இருக்கு, கண்ணுல பட்டுடுச்சு. ஜனவரியில மைனஸ் 0.7, பிளஸ் 0.7 ஆகியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அண்டார்க்டிகாவின் ஷிர்மாக்கர் பகுதியில் நம் இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989 முதல் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா, 1961 முதல். இருவர் கணக்கையும் அருகருகே வைத்தால் ஒருவர் பிசகியது தெரிந்துவிடும். பனிமேட்டின் நடுவே தன்னந்தனியாகக் கிடக்கும் ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்துக்கு அந்த வசதி இல்லை.

அண்டார்க்டிகாவின் பெரும்பாலான பதிவுகள் 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டித் தொடங்கியவை. ஓர்க்காடாஸ் நிலையம் மட்டும் மூத்தது: 1903இல் ஸ்காட்லாந்துக் குழு தொடங்கி, 1904இல் அர்ஜென்டினாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அவர்கள் இன்றுவரை விடாமல் எழுதிவருகிறார்கள். இப்படி நாட்டுக்கு நாடு சிதறிக் கிடந்த கணக்குகளை அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவின் 'ரீடர்' திட்டம் மாதச் சராசரிகளாக ஒரே இடத்தில் சேர்த்தது. அதில் எனக்குப் பிடித்தது நிறம்தான். ஒரு மாதத்தில் வந்திருக்க வேண்டிய அளவீடுகளில் 90 சதவீதம்கூட வரவில்லை என்றால் அந்தச் சராசரி சிவப்பில் இருக்கும். மாணவர்கள் அதை எக்செல்லில் ஒட்டும்போது நிறம் போய்விடுகிறது, எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடுகிறது. தயவுசெய்து அந்தச் சிவப்பைத் தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள்.

சரி, செய்திகளுக்கு வருவோம். 2020 பிப்ரவரி 6 அன்று அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நிலையத்தில் 18.3 டிகிரி. மூன்று நாள் கழித்து சீமோர் தீவில் பிரேசில் வைத்திருந்த தானியங்கிக் கருவி 20.75 என்றது. அண்டார்க்டிகா 20 டிகிரியைத் தாண்டியது என்று உலகமே பகிர்ந்தது. உலக வானிலை அமைப்பு பல நாட்டு வல்லுநர்களை உட்காரவைத்து இரண்டையும் பரிசோதித்து, 2021 ஜூலையில் முடிவு சொன்னது: 18.3 சரி, 20.75 செல்லாது.

காரணம் ரொம்பச் சின்னது. தெர்மாமீட்டர் காற்றின் சூட்டை அளக்க வேண்டும், தன்மேல் விழும் வெயிலை அல்ல. அதற்காகவே காற்றுப் போக வழிவிட்டு, வெயிலைத் தடுக்கும் கவசத்துக்குள் அதை வைக்கிறோம். நிலத்தடி உறைமண்ணைக் கண்காணிக்க வைத்த அந்தக் கருவிக்கு, கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த கவசம். அதனால் அளவு கூடுதலாகக் காட்டிவிட்டது. செல்லுபடியான 18.3 ஒன்றும் சாதாரணமில்லை, அதே எஸ்பெரான்சாவின் 2015ஆம் ஆண்டு 17.5ஐ முறியடித்த எண் அது. ஆனால் அதைப் பகிர ஆளில்லை.

20.75 இன்னும் என் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. "கவசம் என்ன மாதிரி?" என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். இதுவரை யாரும் பதில் போட்டதில்லை.