வெயிலுள்ளபோதே மோட்டார் போடு

தருமபுரியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அல்ல, சராசரியாக 12.17-க்குத்தான். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்கு மேற்கே, ஏறக்குறைய 78.2 பாகையில் இருக்கின்றன. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 17 நிமிடத் தாமதம். வருஷம் முழுக்க இது ஒரே மாதிரியும் இருக்காது. நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12.30-ஐ ஒட்டியும் உச்சி வரும்.

நம் வீடுகளிலோ விடிந்ததும் மோட்டார், ஏழு மணிக்குக் கிரைண்டர், எட்டு மணிக்கு அயர்ன் பாக்ஸ் என்று கரண்ட் இழுக்கிற வேலையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். அடுத்த அலை பொழுது சாய்ந்த பிறகு. மொட்டை மாடியில் சோலார் வந்த வீட்டில் இந்த நேரக்கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. எந்த வேலையை நகர்த்தினால் உண்மையிலேயே பயன், எதை நகர்த்தினால் வெறும் அலைச்சல் என்பதைப் பேனலும் கம்பியும் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் போடுவது 3 கிலோவாட். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அவ்வளவுதான். சுமார் 540 வாட் பேனல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது நம் பக்கத்துக் கணக்கு. ஆக 12 யூனிட்.

அந்த 12 யூனிட் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. வெயில் பேனலின் மேல் சாய்ந்து விழுந்தால் அதே அளவு ஒளி அதிகப் பரப்பில் பரவிப்போகும். காற்று மண்டலத்தையும் அது நீண்ட தூரம் கடந்து வரவேண்டும். அதனால் மேகமில்லாத ஒரு மார்ச் நாளில் காலை 8 மணிக்கு 900 வாட், 10 மணிக்கு 2000 வாட், உச்சியில் 2400 வாட், பிற்பகல் 3 மணிக்கு 1700, மாலை 5 மணிக்கு 600 வாட் என்ற அளவில்தான் வரும். மூன்று கிலோவாட் போட்டும் 3000 வாட் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் ஆய்வகத்தில் அளந்தது. ஏப்ரல் வெயிலில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். கத்திரி வெயிலைவிடப் பிப்ரவரி, மார்ச்சில் பல வீடுகளில் அதிக யூனிட் வருவதற்கு இது ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை நெருங்கும் உயரத்தில், சற்றுக் குளிர்ச்சியில் இருக்கிற ஓசூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் லாபம்.

சரி, கரண்ட் எங்கே போகிறது? பேனலிலிருந்து வருவது முதலில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் போன்றவற்றுக்குப் போகும். மிஞ்சுவது மீட்டர் வழியாக வெளியே லைனுக்குப் போகும். பத்தாவிட்டால் லைனிலிருந்து உள்ளே வரும். இருவழி மீட்டர் இந்தப் போக்கையும் வரவையும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறது. பகலில் வீட்டுக்குள்ளேயே செலவான யூனிட் அந்த மீட்டரைத் தொடுவதே இல்லை. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். அதன் ஆப்பில் 12 யூனிட் உற்பத்தி என்றும், மீட்டரில் 7 யூனிட்தான் வெளியே போனது என்றும் காட்டினால் யாரும் திருடவில்லை. மற்ற 5 யூனிட்டை நாமே பகலில் ஓட்டியிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நெட் மீட்டர் போட்ட வீட்டில், வெளியே கொடுத்த யூனிட்டை உள்ளே வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்துத்தான் பில் வரும். அப்படியிருக்க, இரவில் துவைக்கிற துணியைப் பகலில் துவைத்தால் பில் பாதியாகிவிடும் என்று சொல்வது சரியில்லை. பகலில் கொடுத்த ஒரு யூனிட்டும் இரவில் வாங்கிய ஒரு யூனிட்டும் கணக்கில் ஒன்றையொன்று தட்டிவிடும். நேரத்தை மாற்றினால் பணமாகவே பயன் தெரியும் இடம் வேறு: வெளியே போகிற யூனிட்டுக்கு நாம் வாங்குகிற விலையைவிடக் குறைந்த விலை கொடுக்கும் இணைப்புகளும், பேட்டரி வைத்த வீடுகளும். அது போக இன்னொரு காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கிராமங்களில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அது வோல்டேஜ்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கரண்டும் அப்படித்தான். உங்கள் வீட்டிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் கரண்ட் போகவேண்டுமானால், உங்கள் வீட்டு வோல்டேஜ் அங்கே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை இடையிலுள்ள கம்பியின் நீளமும் தடிமனும் முடிவு செய்யும். ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் அரை வோல்ட் போதும். தோட்டத்து வீட்டுக்கு மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் போகிற லைனில், போக வர மொத்தத் தடை 0.8 ஓம் இருக்கிறது என்று வைத்தால், 9 ஆம்பியர் வெளியே போகும்போது வீட்டு வோல்டேஜ் 7 வோல்ட் ஏறும். மாலையில் கடைசி வீட்டுக்கு லோ வோல்டேஜ் வராமலிருக்க ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை ஏற்கெனவே கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தால், அதற்கும் மேல் இந்த ஏற்றம் சேரும்.

காரிமங்கலம் பக்கம் சித்தப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். திண்ணைச் சுவரில் இன்வெர்ட்டர். பட்டப்பகல், ஒரு பொட்டு மேகம் கிடையாது. சின்னத் திரையில் 2200 வாட், 253 வோல்ட் என்று நின்றது. அடுத்த நொடி ‘டக்’கென்று சத்தம், சிவப்பு விளக்கு, வாட் சுழி. "வீட்ல கரண்ட் இருக்குது, வெயிலும் கொளுத்துது. இது மட்டும் ஏன்டா நின்னு நின்னு வருது?" என்றார் சித்தப்பா. ஒரு நிமிஷம் கழித்து அதுவாகவே ஓடத் தொடங்கி, ஏறி, மறுபடி நின்றது. நின்றிருக்கும்போது வோல்டேஜ் 246. ஓடத் தொடங்கியதும் 250, 252, 253. அந்த இன்வெர்ட்டருக்கு மேல்வரம்பு 230 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் மேலே, அதாவது 253. அதைத் தாண்டினால் அது தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து டிவியும் ஃபிரிட்ஜும் கெடாமலிருக்க அப்படித்தான் செய்யவேண்டும்.

"சித்தி, போர் மோட்டாரைப் போட்டு விடுங்க" என்றேன். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் 1600 வாட் இழுத்தது. வெளியே போகவேண்டிய 2200-ல் 600 வாட்தான் மிஞ்சியது. 248 வோல்ட்டில் அசையாமல் நின்றது இன்வெர்ட்டர். டேங்க் நிரம்பும் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இன்வெர்ட்டர் நின்றிருக்கும் நேரத்தில் வரவேண்டிய யூனிட் எந்தக் கணக்கிலும் சேராது. நெட் மீட்டரிலும் வராது, பேட்டரியிலும் இருக்காது. வெயில் பேனலைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். அந்த வீட்டில் காலை 6 மணிக்கு ஓடிய மோட்டார் 11 மணிக்கு மாறியதுதான் முழுப் பயன். லைனின் கடைசியில் இருப்பவர்கள் உச்சிவேளையில் இன்வெர்ட்டர் திரையை ஒருமுறை போய்ப் பாருங்கள். வோல்டேஜ் 250-ஐத் தாண்டினால் கனமான வேலையை அந்த நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் நின்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து ட்ரான்ஸ்ஃபார்மரையும் லைனையும் பார்க்கச் சொல்லவேண்டும். மேல்வரம்பை ஏற்றிவிட்டால் போதும் என்று இன்வெர்ட்டரைத் தாமாகத் திருகுவது ஆபத்து.

எதை நகர்த்தலாம்? கரண்டைச் சேமிக்கப் பேட்டரி வேண்டும். வேலையைச் சேமிக்கப் பேட்டரி தேவையில்லை. ஏற்றி வைத்த தண்ணீர், ஆட்டி வைத்த மாவு, தேய்த்து மடித்த துணி எல்லாம் முடித்து வைத்த வேலை. இதில் தண்ணீர் முதல் இடம், ஆனால் எல்லா வீட்டிலும் அல்ல. 400 அடியிலிருந்து 1000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவரக் குறைந்தது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். மோட்டார், பம்ப் இழப்பைச் சேர்த்தால் முக்கால் யூனிட்டுக்கு மேல் போகும். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போவதால் போர் உள்ள வீட்டில் மோட்டார்தான் பெரிய செலவாளி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் சம்ப்பில் விழுந்து, அதை முப்பது அடி மேலே டேங்கில் ஏற்றுகிற வீட்டுக்கு, அதே 1000 லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட ஆகாது. தண்ணீர் வந்ததும் ஏற்றிவிடுங்கள். வெயிலுக்காகக் காத்திருக்க அதில் ஒன்றுமில்லை.

கிரைண்டரும் அப்படித்தான். வீட்டுக் கிரைண்டர் 150 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். அரை மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. "பதினோரு மணிக்கு மேலதான் மாவாட்டணும்" என்று வீட்டிலிருக்கும் பெண்களை நிறுத்தி வைக்கிற வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சோலார் போட்ட வீட்டில் நேரத்தை மாற்றிக்கொள்கிற சுமை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. 1000 வாட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இழுப்பதை மட்டும் பாருங்கள்: போர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின். மோட்டாருக்கு ஒரு டைமரும் தண்ணீர் மட்டம் பார்த்து நிறுத்தும் கன்ட்ரோலரும் போட்டால் யாரும் எழுந்து போய் சுவிட்ச் தட்டவேண்டியதில்லை. வாஷிங் மெஷின்கள் பலவற்றில் தாமதமாகத் தொடங்கும் பட்டன் இருக்கிறது. காலையில் துணியைப் போட்டு 11 மணிக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம்.

காலைக் குளியலுக்கு வெந்நீர் போடுவதை மாற்ற முயலவேண்டாம். டிசம்பரில் ஓசூர்க் குளிரில் பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியுமா? முந்தின நாள் மதியமே காய்ச்சி வைத்தால் இரவெல்லாம் சூடு கசிந்துபோகும். மாடியில் இடமிருந்தால் அதற்குத் தனியாகச் சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பது நல்லது. பேனல் தன்மேல் விழுகிற ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை, கொஞ்சம் முன்பின்னாக, கரண்டாக்குகிறது. நேராகத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி பாதிக்கு மேலேயே பிடித்துக்கொள்ளும்.

மின் ஸ்கூட்டர் கதை வேறு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலுமே அவற்றைச் செய்யும் ஆலைகள் இருப்பதால் நம் பக்கம் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. சார்ஜர் 700 வாட் அளவில் நாலைந்து மணி நேரம் இழுக்கும். வெளியே போகும் கரண்டை உள்ளே பிடித்து வைக்க அருமையான சுமை. ஆனால் பகலில் வண்டி வீட்டில் நின்றால்தானே? மதியம் 2 மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் காலை 9 மணிக்கே செருகிவிடலாம். காலை ஷிஃப்ட் போகிறவர் ஞாயிறன்று நிரப்பிக்கொள்ளலாம். மற்ற நாளில் இரவில் போட்டுவிட்டு நெட் மீட்டர் கணக்குக்கு விட்டுவிடுங்கள். முடிந்தால் மாலை 6 முதல் 10 மணி வரை வேண்டாம். வெயில் போன பிறகு ஊரே விளக்கும் ஃபேனும் அடுப்பும் போடுகிற நேரம் அது.

மின்வெட்டு வந்தால் சோலாரும் ஏன் நிற்கிறது என்பது புதிதாகப் போட்டவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி. லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன், சப்ளையை நிறுத்தியாயிற்று என்று நம்பித்தான் கம்பியில் கை வைக்கிறார். நம் வீட்டிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். இது பழுது கிடையாது, மாற்றச் சொல்லவும் கூடாது. மின்வெட்டிலும் ஓடவேண்டுமானால் பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது லைனை முதலில் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும்.

ஹைப்ரிட் வீட்டில் நேரமும் வரிசையும் இரண்டுமே முக்கியம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். லைன் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும். மின்வெட்டு நேரத்தில் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் தனியாகத் தாங்காமல் நின்றுவிடலாம். அயர்ன் பாக்ஸை எடுத்துவிட்டு மோட்டார், மோட்டார் நின்றபின் மிக்ஸி என்று ஒவ்வொன்றாகப் போடவேண்டும். பேட்டரி நிரம்பிய பிறகும் வெயில் இருக்கும். அப்போது லைனும் இல்லை என்றால் மிஞ்சும் உற்பத்தியை இன்வெர்ட்டரே குறைத்துக்கொள்ளும். பேட்டரி நிரம்பியது தெரிந்ததும் துணியைத் தேய்க்க உட்காருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கெல்லாம் படுத்துவிடும். கருமேகம் மூடினால் 2400 வாட் வந்த இடத்தில் 300, 400 வாட்தான் நிற்கும். அந்த வாரங்களில் நேரம் பார்த்துக் காத்திருந்து துணியை நாறவிடவேண்டாம்.

கடைசியாகப் பேனலைக் கழுவுவது. நெடுஞ்சாலை ஓரமும் கிரானைட் பட்டறைப் பக்கமும் இருக்கிற வீடுகளில் தூசு சீக்கிரம் படியும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றிக் காயவிடுகிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தூசைவிடப் பிடிவாதமாக ஒளியை மறைக்கும். அதைச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ இரண்டு வாளி போதும். வெயில் ஏறுமுன், பேனல் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணி சுற்றிய கட்டையால் துடைத்து ஈரத்தை வழித்துவிடுங்கள். 60 டிகிரியில் கொதிக்கும் கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் ஊற்றவே கூடாது.