பெடல் ஸ்பிரிங்கை முறுக்கினால் வேகம் வராது

டிரம்ஸ் பழுதுபார்க்கும் எங்களிடம் பாஸ் டிரம் பெடலை (பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கும் கருவியை) கொண்டுவருபவர்களில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: கால் சீக்கிரம் வலிக்கிறது, வேகமும் வரவில்லை. பெடலைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நட்டு மரையின் கடைசி வரை ஏற்றப்பட்டிருக்கும். இந்த வாரம் வந்த ஒன்றில் ஸ்பிரிங்கின் கொக்கியே பாதி நிமிர்ந்து, அது மாட்டியிருந்த துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. புது ஸ்பிரிங் போட்ட பிறகு "இன்னும் இரண்டு சுற்று முறுக்கிக் கொடுங்கள் அண்ணே" என்றார் அந்தத் தம்பி.

ஸ்பிரிங், பீட்டரை (பெடலில் டிரம்மை அடிக்கும் சுத்தியலை) ஹெட்டின் (டிரம்மின் தோல் பரப்பின்) மீது அடிப்பதில்லை. அடித்த பீட்டரைப் பின்னுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். அடிப்பது உங்கள் கால். எனவே ஸ்பிரிங் இறுக இறுக, ஒவ்வோர் அடிக்கும் கால் அந்த இழுவையை எதிர்த்து மிதித்தாக வேண்டும். பீட்டர் சற்று விரைவாகத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் ஒரு பாடல் முடிவதற்குள் கெண்டைக்கால் சோர்ந்துபோனால் அந்த விரைவால் யாருக்குப் பயன்? பீட்டரைத் திருப்பி அனுப்புவதில் ஹெட்டின் துள்ளலுக்கும் பங்குண்டு. அடித்தபின் பீட்டரை ஹெட்டிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு அந்தத் துள்ளலைக் கொன்றுவிடுபவர்கள்தாம் பெரும்பாலும் ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள். (ஓசை சுருக்கமாக வர வேண்டுமென்று தெரிந்தே அப்படி வாசிப்பவர்களை நான் சொல்லவில்லை.)

சிகாகோவில் டிரம்ஸ் கலைஞர் வில்லியம் லுட்விக் 1909இல் தம் பெடலை உருவாக்கியதே, அன்றிருந்த பெடல்கள் ராக்டைம் என்ற அந்நாளைய அமெரிக்கத் துள்ளிசையின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதால்தான். இருந்த பெடலை முறுக்கிப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை.

எவ்வளவு இறுக்கம் சரி என்பதற்கு எளிய சோதனை உண்டு. இருக்கையில் அமர்ந்து, வழக்கமாக வாசிக்கும் நிலையில் பாதத்தைத் தளர்வாகப் பெடலின் மிதிபலகைமேல் வையுங்கள். பீட்டர் தானாக ஹெட்டில் சாயாமல் நின்றால் அதுவே போதும். குதிகாலைத் தூக்கி வாசிப்பவர்களுக்குக் காலின் எடையும் பலகைமேல் இறங்குவதால் கொஞ்சம் கூடுதல் இறுக்கம் தேவைப்படும். குதிகாலை ஊன்றி வாசிப்பவர்களுக்கு அது வேண்டாம். பெடல் கனமாகவே தோன்றினால், நட்டைத் தொடுவதற்கு முன் பீட்டரைக் கையால் பின்னிழுத்து விட்டுப் பாருங்கள். அது பலமுறை ஊசலாடி மெல்ல அடங்க வேண்டும். இரண்டு ஆட்டத்தில் நின்றுவிட்டால் குறை பேரிங்கிலோ அதில் சேர்ந்த அழுக்கிலோ இருக்கிறது.

கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து. அது தூசியைப் பிடித்து, மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். ஸ்பிரிங் கொக்கியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஹூப்பை (டிரம்மின் விளிம்பு வளையத்தை) பிடிக்கும் கிளாம்பையும் பலம் கொண்டமட்டும் திருகாதீர்கள். மர ஹூப்பில் விழும் பள்ளம் திரும்ப மேலெழாது. பீட்டர் தலையின் கம்பளி (ஃபெல்ட்) தேய்ந்து உள்ளிருக்கும் கட்டை தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், ஹெட் கிழிவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தேவாலயங்களிலும் இசைக்குழுக்களிலும் ஒரே பெடலைப் பலர் மிதிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு அரைச் சுற்று ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அங்கே நட்டின் சரியான இடத்தை மரையில் பெயின்டால் குறித்து, பூட்டு நட்டையும் இறுக்கி வையுங்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்திய பிறகும் முன்காலிலோ கெண்டையிலோ வலி தொடர்ந்தால், என்னிடம் வராமல் மருத்துவரிடம் போங்கள்.