ஜி.என்.எம். நர்சுகள் வேலையை விடாமல் பட்டம் பெறுவது எப்படி?

ஜி.என்.எம். எனப்படும் பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமா முடித்து வார்டில் வேலை பார்ப்பவர் பட்டதாரி ஆவதற்கு நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. அவர்களுக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 ஆண்டு. இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேலையில் இருந்துகொண்டே படித்தால் குறைந்தது 3 ஆண்டு. அதிகபட்சம் 5 ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடக்கும்போது இரண்டு ஆண்டு வேலையை விடு என்று யாருக்கும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதனால் இக்னோ வழியைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பட்டம் இருந்தால் என்ன மாறும்? எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் அனுபவம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். மட்டும் என்றால், குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோமில் எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும் அது கணக்கில் வராது. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கவும், மேலே எம்.எஸ்சி. படிக்கவும் பட்டம் வேண்டும்.

இக்னோ படிப்புக்குத் தகுதி இதுதான். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து, நர்ஸ் மற்றும் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி) என இரண்டுக்கும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குப் பிறகு 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்த பழைய தலைமுறை சிஸ்டர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. அவர்களுக்கு 5 ஆண்டு அனுபவம் கேட்கப்படும். ஜி.என்.எம்.மில் மகப்பேறு பாடம் இல்லாமல் படித்த ஆண் நர்சுகள், அதற்கு ஈடாக இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் 6 முதல் 9 மாதப் படிப்பின் சான்றிதழைக் காட்ட வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. கட்டணமும் கடைசித் தேதியும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரும்.

"பதிவுக்குப் பிறகு" என்ற இரண்டு வார்த்தையைப் பலர் கவனிப்பதில்லை. ரிசல்ட் வந்த கையோடு ஆகஸ்ட் 2022இல் ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்று வையுங்கள். கவுன்சில் பதிவு ஜனவரி 2023இல்தான் கிடைக்கிறது. அவருடைய 2 ஆண்டு ஜனவரி 2023இல் இருந்துதான் ஓடத் தொடங்கும்; முதல் ஐந்து மாதம் உழைப்பாக இருக்கலாம், அனுபவமாக இருக்காது. எனவே எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கும்போது பணியில் சேர்ந்த தேதி, பதவியின் பெயர், இப்போதும் பணியில் இருக்கிறாரா என்ற விவரம், மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று படித்துப் பாருங்கள். படுக்கை எண்ணிக்கை இக்னோவுக்காக அல்ல, பின்னால் வரும் வேலை விண்ணப்பங்களுக்காக. மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் தனியார் மருத்துவமனைகள் இன்னமும் இருக்கின்றன. சரிபார்ப்புக்கு மூலம் தேவைப்படும் என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

தொலைநிலைப் படிப்பு என்றதும் எல்லாவற்றையும் தபாலில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாடப் புத்தகத்தை வீட்டில் படிக்கலாம், அசைன்மென்ட்டை நைட் டியூட்டி முடிந்த மறுநாள் எழுதலாம். ஆனால் செய்முறைப் பயிற்சிக்கு, படிப்பு மையமாக ஒதுக்கப்பட்ட நர்சிங் கல்லூரிக்கு நேரில் போயே தீர வேண்டும். இங்கேதான் பலர் பாதியில் நிற்கிறார்கள். காரணம் பாடம் கடினம் என்பதல்ல, லீவு கிடைக்காததுதான். மையம் பயிற்சி அட்டவணையைக் கொடுத்த அன்றே அதன் நகலோடு நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டைப் பார்த்து, அந்த நாட்களுக்கு ஏற்றபடி டியூட்டி ரோஸ்டர் போட முடியுமா என்று பேசுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் எந்த வார்டிலும் மாற்று ஆள் இருக்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "காலேஜுக்கே வர வேண்டாம் சிஸ்டர், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரில் ஏஜெண்டுகள் அலைகிறார்கள். கல்லூரி வழியிலான போஸ்ட் பேசிக் முழுநேரப் படிப்பு. அதே இரண்டு ஆண்டில் இங்கே மருத்துவமனை வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து, அங்கே கல்லூரி வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர். நாளை அரசு வேலைக்கு அனுபவச் சான்றிதழையும் பட்டச் சான்றிதழையும் சேர்த்து வைக்கும்போது தேதிகளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பணத்தோடு பெயரும் போகும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பும் அந்த ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் கல்லூரி வழி நல்லதே. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.க்கும், மனநல நர்சிங் போஸ்ட் பேசிக் டிப்ளமாவுக்கும் விண்ணப்பம் கோருகிறது. அவசர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு போன்ற துறைகளிலும் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா உண்டு.

பட்டத்துக்கு மேல் எம்.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டு. இளநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். இதற்குத் தொலைநிலை வழி கிடையாது. நோயாளியின் படுக்கையருகிலேயே உயர விரும்புபவர்கள் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பார்க்கலாம். 2 ஆண்டு ரெசிடென்சி முறை என்பதால் பெரும்பகுதி ஐ.சி.யு.வில் வேலை பார்த்தபடியே நடக்கும். அந்த மருத்துவமனையின் சொந்த ஊழியர் சேர்ந்தால் வழக்கமான சம்பளம் தொடர வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டமே சொல்கிறது. இந்த வரியை நிர்வாகத்திடம் காட்டிப் பேசத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

பட்டம் வேண்டாம் என்பவர்களுக்கும் படிப்பு ஓய்வதில்லை. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் நர்சிங் கல்வி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. ஆண்டுக்கு 30 மணி நேரம்தான். கருத்தரங்குச் சான்றிதழில் கவுன்சில் அங்கீகாரமும் மணி நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

போஸ்ட் பேசிக் முடித்ததும் பட்டச் சான்றிதழோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃபுகள் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் பணிப் பதிவேட்டிலும் அதைக் குறிக்கச் சொல்லி எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை முத்திரையோடு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.