சென்சார் தவறாகச் சொன்னால் காருக்கு எப்படித் தெரியும்?

வளைவில் கார் வழுக்கத் தொடங்கினால், ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமலே கம்ப்யூட்டர் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியைப் பாதைக்குத் திருப்பும். 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டுக்கு எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று பெயர். வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் ஒரு சிறிய சென்சாரை நம்பித்தான் இது இயங்குகிறது. நேராகப் போகும்போது அந்த சென்சார் ‘திரும்புகிறோம்’ என்று தவறாகச் சொல்லிவிட்டால்? காப்பாற்ற வந்த பிரேக்கே ஆபத்தாகிவிடும்.

விமானங்களைப் போல ஒரே சென்சாரை மூன்றாகப் பொருத்தலாம்; ஆனால் செலவு கூடும். 1971-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பியர்டு தன் முனைவர் பட்ட ஆய்வில் வேறு வழியை வளர்த்தெடுத்தார். அளந்த மதிப்பை அதே வகையான இன்னொரு சென்சாரோடு ஒப்பிடாமல், மற்ற அளவுகளிலிருந்து கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிடுவதுதான் அது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட், ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகங்களில் இந்த வழியை வாகனங்களுக்காக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கார் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் இடப்பக்கம் வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களில் இடது 14.76, வலது 15.24 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. வித்தியாசமான 0.48-ஐச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள 1.6 மீட்டரால் வகுத்தால் வண்டி திரும்பும் வேகம் கிடைக்கும்: நொடிக்கு 0.3 ரேடியன், அதாவது சுமார் 17 டிகிரி. சரி, பக்கவாட்டு முடுக்கத்தை, அதாவது வளைவில் வண்டி பக்கவாட்டில் இழுபடும் அளவை, அளக்கும் சென்சார் 4.5 (மீட்டர்/நொடி²) காட்டுகிறது, அதை வேகத்தால் வகுத்தாலும் அதே 0.3. ஸ்டியரிங் கோணத்திலிருந்தும் இதைக் கணக்கிடலாம். திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார் மட்டும் 25 டிகிரி என்றால், மூன்று ஒப்பீடுகளிலும் வித்தியாசம் தெரியும்; பழுது அதில்தான். பக்கவாட்டு சென்சார் கெட்டிருந்தால் ஒரே ஒரு ஒப்பீடு மட்டும் பிசகும். எந்தெந்த ஒப்பீடு பிசகுகிறது என்பதை வைத்தே குற்றவாளியைப் பிடித்துவிடலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் சாலை இந்தக் கணக்குக்கு அடங்காது. ஒரு பக்கமாக 5 டிகிரி சாய்ந்த சாலையில், புவியீர்ப்பின் ஒரு பங்கு பக்கவாட்டு சென்சாரில் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன வேகத்தில் அதுவே நொடிக்கு 3 டிகிரிக்கு மேல் பொய்யான வித்தியாசம் காட்டும். பனியில் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் கணக்கு பொருந்தாது. ஆக, பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நொடியில்தான் ஒப்பீடு மிகவும் பலவீனமாக இருக்கிறது. அதனால் பெரும்பாலும் வண்டி சீராக ஓடும்போதே சென்சார்களைச் சோதித்து வைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், எவ்வளவு வித்தியாசம் வந்தால் பழுது என்பது? வரம்பைக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு குழிக்கும் எச்சரிக்கை விளக்கு எரியும். அதிகமாக வைத்தால் உண்மையான பழுது தப்பிவிடும். 1954-இல் புள்ளியியலாளர் ஈ. எஸ். பேஜ் முன்வைத்த கூட்டல் முறை இங்கே உதவுகிறது. வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போனால், அளவீட்டில் தற்செயலாக அங்குமிங்கும் ஆடும் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; ஒரே பக்கம் சாயும் சிறு பிழையோ சேர்ந்து சேர்ந்து வெளியே தெரிந்துவிடும்.

பழுது உறுதியானால் இந்த ஏற்பாடு தன்னை அணைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். சாதாரண பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்கம்பி மட்டுமே உள்ள வண்டிகளில் அப்படி அணைத்துவிட முடியாது. அங்கே கெட்ட சென்சாரை ஒதுக்கிவிட்டு, மற்ற சென்சார்களிலிருந்து கணக்கிட்ட மதிப்பைக் கொண்டு வண்டியைத் தொடர்ந்து செலுத்துவது எப்படி என்பதே ஆய்வாளர்கள் முன்னுள்ள பெரிய வேலை.