முதல் 'டக்', கடைசி 'டக்': நெடும்பயணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் மைலேஜை அளப்பது

ஜூலை மாதம் நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு நோக்கி 80 கி.மீ. வேகத்தில் போகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் திரை, லிட்டருக்கு 19 கி.மீ. என்று காட்டலாம். அதே கார் சாயங்காலம் அதே சாலையில், அதே வேகத்தில் திரும்பி வரும்போது 12 காட்டலாம். காரில் கோளாறு எதுவும் இல்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, அதாவது மேற்கில் இருந்து வீசும் காற்று, போகும்போது முதுகைத் தள்ளியது, வரும்போது முகத்தில் அடித்தது. அவ்வளவுதான்.

இருபது கி.மீ. ஓட்டத்தில் திரை சொல்லும் மைலேஜை வைத்து வண்டியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடையாது. நாகர்கோவிலில் இருந்து பெங்களூரு வரை ஓட்டினால்தான் நம்பத்தக்க எண் கிடைக்கும். அதுவும் பெட்ரோல் பங்கில் ஒழுங்காக இருந்தால்.

பங்கில் என்ன நடக்கிறது

எல்லோருக்கும் தெரிந்த முறைதான். டேங்க்கை நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகு. இந்தக் கணக்கு முழுக்க 'நிரம்பியது' என்ற ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. நிரம்பியதைத் தீர்மானிப்பது நாசில், அதாவது டேங்க்குக்குள் விடும் குழாயின் முனை.

நாசிலின் முனையில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் உள்ளே பாயும் வேகத்தில் அந்தத் துளை வழியாகக் காற்று இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க்கில் பெட்ரோல் ஏறித் துளையை அடைத்ததும் காற்று வரத்து நின்று, நாசிலுக்குள் வெற்றிடம் கூடும். அது ஒரு சவ்வை இழுத்து விசையைத் தட்டிவிடும். 'டக்' என்று கேட்பது அதுதான். துளையை அடைத்தது பெட்ரோலா, வெறும் நுரையா என்று அந்தச் சவ்வுக்குத் தெரியாது.

ஸ்போர்ட்ஸ் காரில் இது பெரிய சிக்கல். பல கார்களில் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுக்கு இடம் விட்டு, டேங்க் குதிரைச் சேணம் போல இருபுறமும் தொங்கும். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வழிய நேரம் வேண்டும். வேகமாகப் பாய்ச்சினால் நுரை கட்டி, ஒரு லிட்டர் இடம் இருக்கும்போதே நாசில் நின்றுவிடும். ஆகவே மெதுவாகப் போடச் சொல்லி, முதல் 'டக்'கோடு நிறுத்திவிட வேண்டும். "சார், ரவுண்டாக்கிடவா?" என்று கேட்பார்கள். ரூபாயை முழு எண்ணாக்கப் போகும் அந்த முந்நூறு, நானூறு மில்லி கணக்கைக் கெடுப்பதோடு நிற்காது. திரும்பத் திரும்ப அமுக்கினால், ஆவியை உறிஞ்ச வைத்திருக்கும் கரிக் குப்பிக்குள் பெட்ரோலே போய்விடும். பிறகு எஞ்சின் விளக்கு எரியும். மைலேஜ் பார்க்கப் போய் ஒர்க்‌ஷாப் செலவு வந்து சேரும்.

எவ்வளவு கவனித்தாலும் ஒரு நிரப்பில் ஒரு லிட்டர் முன்பின் ஆகத்தான் செய்யும். 16 லிட்டர் நிரப்பில் அது 6 சதவீதத்துக்கும் மேல். ஆனால் இந்தப் பிழைகள் சேர்ந்துகொண்டே போவதில்லை. சேலத்தில் ஒரு லிட்டர் குறைவாக நிரம்பியிருந்தால், அந்த ஒரு லிட்டர் பெங்களூரு நிரப்பில் கூடுதலாக ஏறிவிடும். நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது முதல் நிரப்பின் பிழையும் கடைசி நிரப்பின் பிழையும் மட்டுமே.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். நாகர்கோவிலில் டேங்க் ஃபுல். மதுரை வரை 240 கி.மீ., போட்டது 17.1 லிட்டர்: லிட்டருக்கு 14.0. அங்கிருந்து சேலம் 235 கி.மீ., 15.2 லிட்டர்: 15.5. பெங்களூரு வரை 200 கி.மீ., 16.9 லிட்டர்: 11.8. தனித்தனியே பார்த்தால் கார் சேலத்தில் சந்தோஷமாக இருந்து, தொப்பூர் மலைப்பாதையில் நோய்வாய்ப்பட்டது போலத் தெரியும். மொத்தம் 675 கி.மீ., 49.2 லிட்டர், ஆக 13.7. இந்த எண்ணில் ஒரு லிட்டர் பிழை என்பது வெறும் 2 சதவீதம். போய்த் திரும்பினால் ஒரு சதவீதம்.

நடுவில் அரை டேங்க் போட்டாலும் பரவாயில்லை, லிட்டரைக் குறித்தால் போதும். ஒரே ஒரு ரசீது தவறினால் மட்டும் மொத்தமும் போச்சு. ரசீது அச்சாகும் தாள் வெப்பத்தில் நிறம் மாறுவது. டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் எழுத்தே தெரியாது. கையில் வாங்கியதும், ஓடோமீட்டரோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுவது நல்லது.

மீட்டர் மீதே சந்தேகம் என்றால், பங்கில் இருக்கும் 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 25 மில்லி, அதாவது அரை சதவீதம். பெரும்பாலும் ஏமாற்றுவது நாசிலின் நுரைதான், மீட்டர் அல்ல.

சராசரியின் சராசரி

மேலே உள்ள மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 13.8 வரும். சரியான விடை 13.7. இங்கே வித்தியாசம் அற்பம். ஆனால் 300 கி.மீ. தூரத்தை 15 மைலேஜிலும் அடுத்த 300 கி.மீ. தூரத்தை 10 மைலேஜிலும் ஓட்டினால் சராசரி 12.5 அல்ல, 12. முதல் பாதிக்கு 20 லிட்டர், அடுத்த பாதிக்கு 30. அறுநூறை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள்.

ஐரோப்பியக் கார்கள் பல 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று காட்டுகின்றன; அதில் இந்தக் குழப்பம் இல்லை. முதலில் எரிச்சலாக இருக்கும், பழகினால் இதுவே மேல். 8 மைலேஜ் 10 ஆனால் 100 கி.மீ.க்கு 2.5 லிட்டர் மிச்சம். 14 மைலேஜ் 16 ஆனால் மிச்சம் 0.9 லிட்டர்தான். அதிகம் குடிக்கிற காரில் சிறு முன்னேற்றமும் பணமாகத் தெரியும் என்பதை கி.மீ./லிட்டர் கணக்கு மறைத்துவிடுகிறது.

கிலோமீட்டரும் பொய் சொல்லும்

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, தொழிற்சாலையில் பதித்த சுற்றளவால் பெருக்குகிறது. 245/40 ஆர்18 டயரின் விட்டம் 653 மி.மீ. அழகுக்காக 265/40 ஆர்18 மாட்டினால் 669. கார் 100 கி.மீ. ஓடினால் மீட்டர் ஏறக்குறைய 97.6 என்று காட்டும். மைலேஜ் இரண்டரை சதவீதம் குறைந்தது போலத் தோன்றும். தேய்ந்த டயரில் நேர் எதிர்: 8 மி.மீ. பட்டன் 1.6 மி.மீ. ஆகத் தேய்வதற்குள் மீட்டர் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுதலாக ஓடும்.

நான்குவழிச் சாலையில் நேரான ஐம்பது கி.மீ. பார்த்து ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தைக் கணக்கு முழுவதற்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். வளைவுகள் நிறைந்த பேச்சிப்பாறைச் சாலையில் இதைச் செய்யாதீர்கள். ஜிபிஎஸ் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும். வளைவை வெட்டிக்கொண்டு போய்த் தூரத்தைக் குறைத்துச் சொல்லும்.

400 குதிரையில் 11 குதிரை

1,500 கிலோ எடையுள்ள, காற்றைக் கிழிக்க நன்றாக வடிவமைத்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இழுவைக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.33, முகப்பரப்பு 2 சதுர மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் காற்று 196 நியூட்டன் விசையோடு தடுக்கிறது. அகலமான டயர்களின் உருளல் தடை இன்னொரு 177. மொத்தம் 373 நியூட்டன். இதற்குத் தேவையான திறன் 8.3 கிலோவாட், அதாவது 11 குதிரைத்திறன். பானெட்டுக்கு அடியில் இருப்பதோ 400.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான் இது. பெட்ரோல் எஞ்சினில் திறனைக் குறைக்க, காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் என்ற தகடு மூடுகிறது. கிட்டத்தட்ட மூடிய கதவின் இடுக்கு வழியே ஆறு, எட்டு சிலிண்டர்களும் காற்றை இழுக்கப் போராடுகின்றன. அத்தனை பிஸ்டன்களின் உராய்வும் அப்படியே இருக்கிறது. நல்ல சுமையில் ஓடும்போது பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் தரக்கூடிய எஞ்சின், இங்கே ஐந்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. சில எட்டு சிலிண்டர் கார்கள் நிதானமாகப் போகும்போது பாதி சிலிண்டர்களை உறங்க வைப்பது இதனால்தான்.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம்: கியர். ஸ்போர்ட் மோடில் கியர்பாக்ஸ் கீழ் கியரில் தங்கி எஞ்சினை நிமிடத்துக்கு 3,500 சுற்றில் ஓட்டும். சாதாரண மோடில் கடைசி கியரில் 1,800 சுற்று. அதே வேகம், அதே காற்று, குடிப்பது மட்டும் வேறு. எந்த மோடில் ஓட்டினோம் என்பதைக் குறிக்காத பதிவேடு பாதிப் பதிவேடுதான்.

பிரேக்கும் பெட்ரோல் குடிக்கும். 80 கி.மீ. வேகத்தில் வரும் இந்தக் காரின் இயக்க ஆற்றல் 370 கிலோஜூல். நெடுஞ்சாலைத் தடுப்புக்காக முழுதாக நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்கு எடுத்தால் சுமார் 40 மில்லி பெட்ரோல் போகும். இருபத்தைந்து தடவை அப்படிச் செய்தால் ஒரு லிட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மேற்கே போகும் சாலையில் அந்த இருபத்தைந்தை எண்ணி முடிக்க அதிக நேரம் பிடிக்காது. ஏசியோடு நின்றபடி ஓடும் பெரிய எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருக்கும், ஓடிய தூரம் பூஜ்யம். ஆகவே நெடுஞ்சாலை மைலேஜ் வேண்டுமென்றால் ஊரைத் தாண்டிக் காவல்கிணறு பக்கம் முதல் நிரப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் அந்தக் காற்று. மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்றில் 80 வேகத்தில் போகும் காருக்குக் காற்று 110 வேகத்தில் வருகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 196 நியூட்டன் 370 ஆகும். பின்காற்றில் 76 ஆகக் குறையும். போனதில் கிடைத்தது வந்ததில் போய்ச் சரியாகிவிடும் என்று நினைப்போம். இரண்டின் சராசரி 223, காற்றில்லாத நாளைவிட 27 நியூட்டன் அதிகம். காற்றுக்காலத்தில் இருவழிப் பயணமும் நஷ்டம்தான். ஜூன், ஜூலையில் எடுத்த மைலேஜை பிப்ரவரி மைலேஜோடு ஒப்பிட்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

உயரமும் கணக்கில் உண்டு. நாம் கிளம்புவது கடலோரம்; பெங்களூரு 900 மீட்டர் மேலே. காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர். திரும்பும்போது அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒருவழிக் கணக்கை மட்டும் வைத்துப் பெருமையோ கவலையோ படுவது தப்பு.

திரையும் ஓபிடி செயலியும்

டேஷ்போர்டுத் திரை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதையும் பெட்ரோல் அழுத்தத்தையும் வைத்து லிட்டரைக் கணிக்கிறது. பங்க் கணக்கைவிடச் சில சதவீதம் தாராளமாகவே காட்டும். ஆனால் பிழை ஏறக்குறைய மாறாதது. ஒரு நெடும்பயணத்தில் விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு திரையே போதும்.

எஞ்சின் தகவல்களைப் படித்து போனில் உள்ள செயலிக்கு அனுப்ப, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் புளூடூத் ஓபிடி கருவியில்தான் கூடுதல் கவனம் தேவை. பல செயலிகள் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையை அளந்து, அதை 14.7 ஆல் வகுத்துப் பெட்ரோலைக் கணக்கிடுகின்றன. அது கலப்பில்லாத பெட்ரோலுக்கான விகிதம். இப்போது பங்கில் கிடைக்கும், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 13.5 அளவில் இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் செயலி ஏழெட்டு சதவீதம் குறைவாகக் குடித்ததாகச் சொல்லும். இன்னொரு கோளாறு எதிர்ப்பக்கம் இழுக்கும்: காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது இன்ஜெக்டர்கள் முழுதாக மூடிவிடும், ஆனால் காற்று போய்க்கொண்டிருப்பதால் செயலி பெட்ரோல் செலவானதாகவே எழுதும். இறக்கம் அதிகமுள்ள பாதையில் இது நன்றாகவே தெரியும்.

இ20 பற்றி இன்னொன்று. எத்தனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீத ஆற்றல் குறைகிறது. பழைய பதிவேட்டின் எண்ணோடு புதியதை ஒப்பிடும்போது இதைக் கழித்த பிறகே காரைக் குறை சொல்லலாம். பயணத்தின் நடுவே சாதாரணத்தில் இருந்து உயர் ஆக்டேனுக்கு மாறினாலும் கணக்கு குழம்பும். உயர் ஆக்டேன் கேட்கும் டர்போ எஞ்சினுக்குக் குறைந்ததைப் போட்டால், தட்டல் (பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்வது) வராமலிருக்க அது தீப்பொறியைத் தாமதப்படுத்தி, அதே பெட்ரோலில் குறைவாக வேலை வாங்கும். கிளம்பும் முன் வழியில் எந்தெந்த பங்கில் அந்த வகை கிடைக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். மதிய வெயிலில் ஓட்டி வந்து 'சரியாக' வைத்த காற்று மறுநாள் விடியலில் குறைவாக இருக்கும்.

கடைசி நிரப்பு, முதல் நிரப்பு போட்ட அதே பங்கில், அதே பம்பில், காரை அதே பக்கம் திருப்பி நிறுத்தி. தரை சற்றுச் சாய்ந்திருந்தாலும் இரண்டு முறையும் ஒரே சாய்வாக இருக்கட்டும். முடிந்தால் அதே நேரத்தில்: பெட்ரோல் பத்து டிகிரிக்கு ஒரு சதவீதம் விரியும், பகலெல்லாம் ஓடிய காரின் டேங்க்கில் இருப்பது தரைக்கடியில் இருந்து வருவதைவிடச் சூடானது. இரவு வந்து சேர்ந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, விடிந்ததும் போய் முதல் 'டக்' வரை போடுங்கள்.